ஒரே தொட்டியில் இரண்டு ஆமைகள்

நிரோஷன், நேற்று நீ சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாய். நான் அதைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். நீ அனுப்பிய படத்தைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். வத்தளையில் நீங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி அறை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் பாதிக்குமேல் தண்ணீர். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட பச்சை ஆமை ஒன்று நீந்துகிறது. மூலையில் ஒரு செங்கல்லைப் பற்றிக்கொண்டு இன்னொன்று, முதுகெல்லாம் மஞ்சள் நட்சத்திரம் வரைந்தது போல. பவித்ரா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். மிதுனாவின் ஒரு கை தண்ணீருக்குள் இருக்கிறது, மற்றக் கை வாயில். கட்டாருக்குப் போகிற கூட்டாளி விட்டுவிட்டுப் போனது, பிள்ளைக்கு விளையாட்டுக் காட்ட நல்லதாய்ப் போயிற்று என்று கீழே எழுதியிருந்தாய். "பச்சை ஆமை நம்ம பட்டன் மாதிரியே இருக்கும்மா" என்றும் எழுதியிருந்தாய்.

அந்தத் தொட்டியை அறையிலிருந்து தூக்கச் சொன்னேன். "ஏம்மா இப்படிப் பதறுறீங்க? ஆமைதானே, மொதலையா?" என்று கேட்டாய். இரண்டையும் பிரித்து வை, பிள்ளையைத் தொட விடாதே என்றேன். "சரிம்மா, லீவு நாள்ல பாத்துக்கிறேன்" என்றாய். அப்புறம்தான் ஏன் என்று கேட்டாய். ஒரு நிமிடம் நான் பேசாமல் இருந்தேன், நீ லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துச் சிரித்தபடி வைத்துவிட்டாய். லைன் கட்டாகவில்லை. பதினான்கு வருடமாக உன்னிடம் சொல்லாததை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன். அதனால்தான் இந்தக் கொப்பியை எடுத்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன். பவித்ராவும் படிக்கட்டும். கைப்பிள்ளை இருக்கிற வீட்டில் ஆமை வளர்க்கிறவர்கள் உனக்குத் தெரிந்தவர்களில் யாராவது இருந்தால் அவர்களுக்கும் காட்டு. அம்மாவின் பெயர் கெட்டுப்போகுமே என்று யோசிக்காதே.

நீ புலமைப்பரிசில் பரீட்சை பாஸ் பண்ணிய வருடம் உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். அப்பா அப்போது தோட்டத்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். பாஸ் பண்ணினால் என்ன வேண்டும் என்று அவர் கேட்டபோது, பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற மீன்தொட்டிக் கடையில் பார்த்த குட்டி ஆமை வேண்டும் என்றாய். பிஸ்கட் அளவுதான் இருந்தது. உன் சட்டையில் ஏறி உட்கார்ந்ததும் பட்டன் என்று பெயர் வைத்தாய். இரண்டு மாதம் கழித்து வெல்லவாயப் பக்கம் லொறி கொண்டுபோன அப்பா, நடு ரோட்டில் கிடந்த நட்சத்திர ஆமை ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். வண்டிச் சக்கரத்தில் அகப்பட்டுவிடும் என்ற பரிதாபத்தில்தான் எடுத்தார். நீ அதற்குக் கல்லு என்று பெயர் வைத்தாய். ஆமை என்றால் தண்ணீரில் இருக்கும், வேறென்ன என்று நான் நினைத்தேன். இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் பேசினில் விட்டு, இரண்டுக்கும் சோறும் நெத்தலிக் கருவாடும் போட்டேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்துப் பன்னிரண்டு கைக்குழந்தைகளுக்கு எந்த மாதத்தில் என்ன கொடுக்க வேண்டும் என்று பாடமாகச் சொல்லக்கூடியவள் நான். ஓர் உயிர் வீட்டுக்கு வந்தபோது அது என்ன சாப்பிடும் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை.

நான் பிள்ளைமடுவத்தில் பொறுப்பாக இருந்த காலம் அது. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகுமுன் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். வரிசை வீடான லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பராவுக்கு ஒரே ஒரு ஜன்னல், அதிலும் வெயில் விழாது. மார்கழித் தூறலில் சுவரெல்லாம் ஊறிப்போய் இருந்தது. பிள்ளைமடுவத்துக் குசினியில் எப்போதும் அடுப்பு எரியும், கண்ணாடி ஜன்னல் வழியாக வெளிச்சம் வரும். ஆமைகளுக்குச் சூடாக இருக்கட்டும் என்று பேசினை அங்கே கொண்டுபோனேன். பொறுப்பு என்னுடையது என்பதால் என்னைக் கேள்வி கேட்க ஆளில்லை, தாய்மாரும் குசினிக்குள் வருவதில்லை. அங்கே ஒரே ஒரு சிங்க்தான். பிள்ளைகளின் பால் போத்தல்களை அதில்தான் கழுவினோம். ஆமைத் தண்ணீரையும் நான் அதில்தான் கொட்டினேன். அன்றைக்கு எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை.

பட்டனின் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டதை நீதான் முதலில் பார்த்தாய். அதன் முதுகு ஓட்டை அழுத்தினால் நகத்தை அழுத்துவது போல வளைந்தது. கல்லு கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு விட்டது, மூக்கில் நுரை நுரையாக வந்தது. நீ அழுத அழுகையில் நான் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, கடைக்கார நானாவிடம் போனேன். உன்னைக் கூட்டிப் போகவில்லை, அன்றைக்கு உனக்கு டியூஷன். நானா பைக்குள் எட்டிப் பார்த்ததுமே அவர் முகம் மாறிப்போனது.

"தங்கச்சி, இது ரெண்டையும் ஒன்னாப் போடச் சொன்னது யாரு?"

"ரெண்டும் ஆமைதானே நானா?"

"ஆடும் மாடும் புல்லுத் திங்குது, அதுக்காக ஆட்டுக்கு மாட்டு வேலையக் குடுப்பீங்களா? இந்தப் பச்சை இருக்கே, இது தண்ணிக்காரன். நீந்துறதுக்கு ஆழம் வேணும், தண்ணி சுத்தமா இருக்கணும், ஏறிக் காயிறதுக்கு ஒரு கல்லும் வேணும். வெயிலு மேல படணும். கண்ணாடிக்குப் பொறத்தால இருந்து வாற வெளிச்சம் வெயில் இல்ல தங்கச்சி, அதுல ஓடு கெட்டியாகாது. சோத்தத் தின்னா கண்ணு இப்படித்தான் வீங்கும். இந்த நட்சத்திரம் வறண்ட காட்டுல பொறந்தது. இதத் தண்ணியில போட்டா நீந்தத் தெரியாது, மூழ்கிச் செத்துரும். குளிரும் ஈரமும் நெஞ்சுக்குள்ள போயிரும். இது தின்னுறது புல்லு, கீரை, சப்பாத்திக்கள்ளி, செவ்வரத்தம் பூவு. ஒங்க நெத்தலி இதுக்கு நஞ்சு."

அதோடு விடவில்லை. நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருக்கவே சட்டத்தில் இடம் இல்லை, வனஜீவராசிகள் ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள் என்றார். வயலோரம் பிடிக்கிற பாலாமையும் அப்படித்தான். அதற்குச் சேறு வேண்டும், மீனும் நத்தையும் வேண்டும், விரலைக் கடித்தால் விடாது, ஆசைக்காகக்கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்றார். பிறகு நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் கையில் இருந்த மீன் வலையைக் கீழே வைத்தார்.

"சின்னப் புள்ளைங்க இருக்கிற எடத்துலயா வச்சிருக்கீங்க? அல்லாவே! இன்னைக்கே எடுத்துருங்க. ஆமைக்கு ஒன்னும் இருக்காது, ஆனா அதுட மேல, அது கெடக்குற தண்ணியில கிருமி இருக்கும். நமக்கு வயித்துப்போக்கோட போகும். கைப்புள்ள தாங்காது. என்ட புள்ளைங்க சின்னதா இருந்த காலத்துல நான் கடைக்குள்ளயே அதுங்கள விட்டதில்ல."

"விக்கும்போது ஏன் நானா இத சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் மீன் வலையை எடுத்து ஆணியில் மாட்டினார். "நீங்க கேக்கல. நான் யாவாரி" என்றார். "அது என்ட பிழைதான்."

ஆக, எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது, மகன். நன்றாகத் தெரியும். அன்றைக்குத் திரும்பி வந்ததும் கல்லுவை மட்டும் பிரித்து, வைக்கோல் பரப்பிய அட்டைப்பெட்டியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். பட்டனை லயத்துக்குக் கொண்டுபோனால் குளிரில் செத்துவிடும் என்று பயந்தேன். செத்தால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பது? மழை விடட்டும், வெயில் வந்ததும் வெளியே கூடு கட்டித் தரச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன். சிங்க்கைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து நாள் போனது.

ஆறாவது நாள் காலையில் செல்வியின் பிள்ளை தர்ஷி அனலாய்க் கொதித்தாள். நம் லயத்தில் நாலு காம்பரா தள்ளி இருந்தாளே, அந்தச் செல்விதான். தர்ஷிக்கு அப்போது எட்டு மாதம், இன்றைக்கு மிதுனாவுக்கு இருக்கிற வயது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தார்கள். அடுத்த நாள் வயிற்றால் போனதில் இரத்தம் இருந்தது. அப்பாதான் லொறியை எடுத்தார். முன்சீட்டில் செல்வி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் நான். ஒவ்வொரு வளைவிலும் பிள்ளையின் தலை துணிப்பொம்மை மாதிரிச் சாய்ந்தது. "அக்கா, கண்ணத் தொறக்க மாட்டேங்குறாக்கா, கூப்பிடுங்க, நீங்க கூப்பிட்டா முழிப்பா" என்று செல்வி என் கையைப் பிடித்தாள். நான் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டால் எப்போதும் சிரிக்கிற பிள்ளை அது. இமைகூட அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சிங்கள டாக்டர் அம்மா. தமிழைத் தேடித் தேடிப் பேசினார். என்ன பால், என்ன தண்ணீர், யார் காய்ச்சியது என்று எல்லாம் கேட்டுவிட்டு, "வீட்டுல பிராணி இருக்கா? கோழி? ஆமை, அந்த மாதிரி?" என்றார்.

"இல்லீங்க டாக்டர்" என்றாள் செல்வி. "லயத்துல நாய்தான் இருக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். "மடுவத்தில?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, தலையை மட்டும்தான் ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டலை நான் இன்றுவரை சுமக்கிறேன். வேலை போய்விடும், லயத்தில் தலைகாட்ட முடியாது, அப்பாவை நட்சத்திர ஆமைக்காகப் பொலிஸில் பிடித்துக் கொடுப்பார்கள் என்று எல்லாப் பயமும் ஒரே நொடியில் வந்தது. பிள்ளையைப் பற்றிய பயம் அந்த வரிசையில் முதலில் வரவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

செல்வியை வார்டில் விட்டுவிட்டு நான் மட்டும் பஸ்ஸில் திரும்பினேன். சனிக்கிழமை, மத்தியானத்தோடு மடுவம் பூட்டிவிட்டது. சாவி என்னிடம் இருந்தது. பேசினைக் கழுவிக் கவிழ்த்தேன், கல்லுவின் பெட்டியை லயத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். பட்டனை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கீழே ஓடுகிற ஆற்றுக்கு, ஓயாவுக்கு நடந்தேன். மழைத்தண்ணீர் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைத் தண்ணீருக்கு மேலே பிடித்தபோது அது நாலு காலையும் விரித்தது, நீந்தப் போகிற மாதிரி. கண் தெரியாத ஆமை, ஓடு மெத்தென்று இருந்த ஆமை. அந்த ஓட்டத்தில் அது ஒரு நாள்கூட இருந்திருக்காது. இருந்திருந்தாலும் தப்புத்தான். நம் ஆற்றுக்குச் சொந்தமில்லாத உயிர் அது, அதை அங்கே விடவே கூடாது. ஆனால் நான் அதை விடுவிக்கப் போகவில்லை, நிரோஷன். அது இருந்ததே தெரியாமல் ஆக்கப் போனேன்.

அன்று சாயந்தரமே தோட்டத்து ஆபீஸில் இருந்து ஆட்கள் வந்து மடுவத்தைப் பார்த்தார்கள். என்னோடு வேலை செய்த புஷ்பம் அக்காதான் பிள்ளைகளுக்குத் தண்ணீர் காய்ச்சிப் பால் கரைப்பது; ஆமைகள் குசினியில் இருந்தது அவருக்குத் தெரியும், அவற்றால் நோய் வரும் என்பது தெரியாது. அவர் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் கொடுத்திருக்கிறார் என்று முடிவு செய்து, அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். மறுநாள் புஷ்பம் அக்கா நேராக என்னிடம் வந்தார். அழவில்லை, மூச்சு மட்டும் வாங்கியது.

"நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? தண்ணி தளதளன்னு கொதிச்சத நீங்க பாத்தீங்கதானே? தோட்டத்துத் தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. லயத்துல எல்லாரும் என்னைய புள்ளைய கொல்லப் பாத்தவன்னு சொல்றாங்க."

"பாப்போம்க்கா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோன அப்பா திரும்பி வந்து மடுவத்து வாசலில் லொறியை நிறுத்தினார். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "புள்ளைக்கு வலிப்பு வந்துருச்சு" என்றார். நான் அப்படியே லொறிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சிங்க், நானா சொன்னது, டாக்டர் கேட்டது, ஓயா, எல்லாம். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். எதிர்ப்பக்கக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறு" என்றார். புஷ்பம் அக்காவுக்குப் பதிலாக வந்தவளிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு ஏறினேன். டவுன் தெரிகிற கடைசி வளைவில்தான் கேட்டார்.

"நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்" என்றேன்.

வார்டில் செல்வியின் முன்னால்தான் சொன்னேன். அவளைத் தள்ளி நிறுத்திவிட்டு டாக்டரிடம் மட்டும் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தினார். "சனிக்கிழமை நான் கேட்டேன்தானே?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். திரும்பி நர்ஸிடம் சிங்களத்தில் வேகமாக ஏதோ சொன்னார். மருந்தை மாற்றினார்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்காகத்தான் காத்திருந்தார்களாம். "இந்த வயசுல அந்தக் கிருமி ரத்தத்துல போனா மூளைக்கும் போகும்" என்று எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே இந்த மருந்து போட்டிருப்பேன்." செல்வி என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் காலடியில் என் கை பட்ட போர்வை நுனியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மூன்று நாள் நான் அந்த வராந்தா பெஞ்சில் இருந்தேன். உள்ளே போகவில்லை, என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. உன்னிடம் அப்பா, மடுவத்துப் பிள்ளைக்குத் துணைக்கு அம்மா போயிருக்கிறாள் என்று சொன்னார். நீ என்னை நினைத்துப் பெருமைப்பட்டாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். மூன்றாவது நாள் காலையில் செல்வி வெளியே வந்தாள். என்னைத் தாண்டிப் போய்க் குழாயில் முகம் கழுவினாள். துடைத்துக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொல்வது போல, "பால் குடிச்சுச்சு" என்றாள். நான் பெஞ்சிலேயே மடங்கி அழுதேன்.

தர்ஷி பிழைத்தாள். ஒரு குறையும் வரவில்லை, நன்றாகப் படிக்கிறாள். ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. ஆபீஸில் போய் உண்மையைச் சொன்னேன், புஷ்பம் அக்காவைத் திரும்ப எடுத்தார்கள். மன்னிப்புக் கேட்கப் போனேன். "வேலையத் திருப்பி வாங்கிக் குடுத்துட்டீங்க, சரி. அந்த ரெண்டு மூனு நாளு எம்புள்ளைங்க என்னைய பாத்த பார்வைய எங்க போயி வாங்கிக் குடுப்பீங்க?" என்று கேட்டார். செல்வி என்னிடம் சொன்னது இன்னும் நேரானது. "நீங்க சொன்னதுனாலதான் எம்புள்ள இருக்கா. நீங்க சொல்லாததுனாலதான் வலிப்பு வந்துச்சு. ரெண்டுமே எனக்கு மறக்காதுக்கா." அவளுக்கு அப்புறம் பிறந்த பையனை அவள் மடுவத்தில் விடவே இல்லை, மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அது அவள் நியாயம். அந்த வருடம் ஆறு மாதம் நான் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்துக்குப் போனேனே, மலையில் ஆள் பத்தவில்லை என்று உன்னிடம் சொன்னேன். அது எனக்குக் கொடுத்த தண்டனை; சின்னப் பிள்ளையின் காதில் போட வேண்டாம் என்று அப்பா லயத்தில் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டார். அப்பா கல்லுவைப் பெட்டியோடு வனஜீவராசிகள் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். பொலிஸுக்குப் போகும் என்று பயந்துகொண்டேதான் போனார். நன்றாகத் திட்டிவிட்டு வாங்கிக்கொண்டார்கள். சளி தெளிந்ததும் வெல்லவாயப் பக்கத்து முட்காட்டில் விட்டதாகப் பிறகு சொன்னார்களாம். அது ஒன்றுதான் அந்த நாட்களில் நாங்கள் சரியாகச் செய்தது.

இனிமேல் எழுதப் போவதுதான் உன்னைச் சுடும். பட்டன் எங்கே என்று நீ கேட்டபோது, நானாவிடம் கொடுத்துவிட்டேன், கடையில் பெரிய தொட்டியில் இருக்கிறது என்று சொன்னேன். நீ பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். உனக்கு முன்னால் நான் ஓடிப்போய் நானாவின் முன்னால் நின்றேன். "பொய் சொல்ல எனக்கு விருப்பம் இல்ல தங்கச்சி" என்றார். கடைசியில் என் முகத்தைப் பார்த்து ஒத்துக்கொண்டார். நீ போனதும் வேறொரு ஆமையைக் காட்டி, "இதுதான் ஒங்கட பட்டன் தம்பி, கண்ணு சொகமாயிட்டு" என்றார். நீ கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தாய். "அம்மா, என்னைய அடையாளம் தெரியுதும்மா" என்று துள்ளினாய். அதற்குப் பிறகு டவுனுக்குப் போன நாளெல்லாம் அந்தக் கடைக்குப் போனாய், ஒருநாள் அது அங்கே இல்லாமல் போகும்வரைக்கும். கொழும்புக்குப் பெரிய வீட்டுக்குப் போய்விட்டது என்று நானா சொன்னார். அது உன் பட்டன் இல்லை, நிரோஷன். உன் பட்டனை நான் ஓயாவில் போட்டேன்.

அப்பாவும் நானும் இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். அவர் போய்ச் சேர்ந்த பிறகு நான் மட்டும்தான் மிச்சம், தள்ளிப்போடுவது எனக்குப் பழகிப்போனது. நேற்று மிதுனாவின் கையைப் படத்தில் பார்த்திராவிட்டால் இன்னும் தள்ளிப்போட்டிருப்பேன்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நட்சத்திர ஆமையைத் தண்ணீரிலிருந்து உடனே எடு. அது செங்கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பது விளையாட்டு இல்லை, அதற்கு ஏற இடமில்லை. காய்ந்த பெட்டியில், ஈரமில்லாத இடத்தில் வை. தட்டையான மூடியில் அதன் கன்னம் முங்காத அளவு தண்ணீர் வை. புல்லும் கீரையும் கொடு, சோறோ மீனோ பாலோ வேண்டாம். நாளைக்கே வனஜீவராசிகள் அலுவலகத்துக்குப் போன் பண்ணு. கூட்டாளி விட்டுப்போனது என்று உள்ளதைச் சொல். பயத்தில் எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடாதே. வத்தளை ஈரத்தில் அது பிழைக்காது.

பச்சை ஆமையை வைத்திருப்பதா இல்லையா என்பதை நீயும் பவித்ராவும் பேசி முடிவு பண்ணுங்கள். ஆனால் தெரிந்துகொண்டு முடிவு பண்ணுங்கள். அது சாப்பாட்டுத் தட்டளவு வளரும், நீங்கள் நன்றாகப் பார்த்தால் மிதுனா கலியாணம் கட்டும் வயதிலும் இருக்கும். நீந்த ஆழமான தண்ணீர், தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற மோட்டர், ஏறிக் காய மேடு, நேர் வெயில் எல்லாம் வேண்டும். வெயிலில் வைக்கும்போது பாதி நிழலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெந்துபோகும். ஆமைக்கு உண்டான தீனி, சின்ன மீன், வளர வளரக் கீரை கொடுக்க வேண்டும். இதெல்லாம் உன்னால் முடியாது என்றால் வெட்கப்படாதே, வளர்க்கத் தெரிந்த ஒருவரைத் தேடிக் கொடு. களனி கங்கையிலோ வாய்க்காலிலோ மட்டும் விடாதே. எங்கே இருந்தாலும் பிள்ளை தவழுகிற தரையில் அதை விடக் கூடாது. அதன் தண்ணீரைக் குசினி சிங்க்கில் கொட்டக் கூடாது. தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளையைத் தூக்கக் கூடாது. மிதுனாவுக்கு இந்த நாட்களில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காதே. வாசலில் வைத்தே சொல், வீட்டில் ஆமை இருக்கிறது என்று.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் பதுளையிலிருந்து வருகிறேன். நீ என்மேல் கோபமாக இருந்தால் கொழும்புக் கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்க வேண்டாம். வத்தளை பஸ் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும், நானே வந்துவிடுவேன். கதவைத் திறக்க மனம் வராவிட்டால் பவித்ராவைத் திறக்கச் சொல். கேட்க வேண்டியதையெல்லாம் கேள், நான் தலையாட்டாமல் வாயைத் திறந்து பதில் சொல்வேன். அதெல்லாம் வெள்ளிக்கிழமை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தத் தொட்டியை இப்போதே, போனைக் கீழே வைத்ததும், வெளியே தூக்கிவிடு.

அம்மா